அண்ணனுக்கு மகரக்கட்டு உடைந்த வருஷம்

அண்ணன் வேலை பார்த்த கடையில் டெலிபோன் இருந்தது. பெங்களூர் சவுத் பரேடில் வெள்ளைக்காரர் ஒருவர் நடத்திய துணிக்கடை. பட்டாளத்து அதிகாரிகளின் மனைவிமார் வீட்டிலிருந்தபடியே பேசி, திரைச்சீலைக்கும் மேஜைவிரிப்புக்கும் சொல்லி அனுப்புவார்கள். அந்த டெலிபோனை எடுத்துப் பேசுவது அண்ணனின் வேலை. அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. குரல் மட்டும் பத்து வயதுப் பையனின் குரலாகவே நின்றுவிட்டிருந்தது.

மறுமுனையில் இருந்தவர்கள் அவனை "மிஸ்" என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணன் ஒருநாளும் திருத்தியதில்லை. "ஆகட்டும் மேடம், புதன்கிழமை வந்துவிடும் மேடம்" என்பான். புதன்கிழமை வந்துவிடும்.

ஒருநாள் கர்னலின் மனைவி ஒருத்தி நேரில் கடைக்கு வந்தாள். தன்னிடம் டெலிபோனில் இவ்வளவு பொறுமையாகப் பேசும் பெண்ணைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்றாள். முதலாளிக்குக் கை கால் ஓடவில்லை. துணி அளந்துகொண்டிருந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்துகொண்டார்கள். அண்ணன் கல்லாவுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தான். ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. முழங்காலை எட்டும்போலத் தொங்கும் நீளக் கைகள். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "அது நான்தான் மேடம்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். அந்த அம்மாளின் முகம் சிவந்துவிட்டதாம். பிறகு கையை நீட்டினாளாம்.

"நீ என்ன செஞ்ச அண்ணா?" என்று கேட்டேன்.

"குலுக்கினேன். வேற என்ன செய்யறது? பாவம், அவங்களுக்குத்தான் ரொம்ப வெக்கமாப் போச்சு."

தனக்கு வெட்கமாக இருந்ததா என்று அவன் சொல்லவில்லை. 

எங்களுடையது கிறிஸ்தவக் குடும்பம், மர்பி டவுனில் இருந்தோம். அப்பா நாங்கள் சின்னவர்களாக இருந்தபோதே காலமாகிவிட்டார். அம்மா வீட்டில் தையல் மெஷின் வைத்துத் தைத்தாள். நான் அண்ணனுக்கு இரண்டு வயது இளையவள். கண்டோன்மென்ட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணனின் கூட்டாளிகள் ஒவ்வொருவராக மீசை வைத்தார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள். அண்ணன் உயரத்தில் மட்டும் வளர்ந்துகொண்டே போனான். அவன் முகமோ கழுவிவைத்த தட்டு மாதிரி வழவழவென்று இருந்தது.

அம்மா செய்யாத வைத்தியம் இல்லை. லேகியம், சூரணம், வெள்ளாட்டு ஈரல், நாற்பது நாள் உபவாச ஜெபம். அண்ணன் எதற்கும் முகம் சுளிக்க மாட்டான். கசப்பு மருந்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைப்பான். அம்மாவின் மனசு நோகக்கூடாது என்பதற்காகத்தான் அவன் அவற்றைச் சாப்பிட்டான் என்று எனக்குத் தெரியும்.

இன்னொரு ஆளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அல்சூரில் ஒரு நாவிதர் இருந்தார். சனிக்கிழமைதோறும் அண்ணன் மற்ற ஆண்களோடு அவர் கடை பெஞ்சில் உட்காருவான். முறை வந்ததும் நாவிதர் அவன் கழுத்தில் துண்டைக் கட்டுவார், சோப்பு நுரையைக் கன்னம் முழுக்கப் பூசுவார், கத்தியைத் திருப்பிப் பிடித்து அதன் முதுகால் நுரையை வழித்தெடுப்பார். மழிக்க ஒரு முடிகூட இல்லாத கன்னத்துக்கு, "சுவாமி, கொஞ்சம் ஆடாம இருங்க, வெட்டிக்கும்" என்று எச்சரிக்கை வேறு. வருஷக்கணக்காக இது நடந்தது. கடையில் யாராவது வாயைத் திறந்தால் அவர் கத்தியோடு திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான். அண்ணன் அவரிடம் அப்படிச் செய்யச் சொல்லிக் கேட்டதே இல்லையாம். முதல் சனிக்கிழமையே அவராகச் செய்தாராம்.

அண்ணனுக்கு வாசனையும் தெரியாது. வீட்டில் அது ஒரு வேடிக்கை. பால் பொங்கித் தீய்ந்து வீடே நாறும்போது அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பான். இன்று சிவாஜிநகர் என்கிற பிளாக்பள்ளியில் கறிக்கடைத் தெருவுக்குள் நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவேன். அவன் ஏதோ பூங்காவில் நடக்கிறவன்போல மெதுவாக வருவான். அம்மா அவனை "மூக்கில்லா ராசா" என்பாள். நாங்கள் சிரிப்போம். குரலுக்கும் மூக்குக்கும் ஒரு சம்பந்தம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

இரண்டாம் உலகப் போர் வந்தது. பெங்களூர் முழுக்கப் பட்டாளம். கணக்கு எழுதவும் கடிதம் எழுதவும் ஆள் எடுத்தார்கள். அண்ணனுக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். ஒருநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் போய் வரிசையில் நின்றான். அம்மாவிடம் சொல்லவில்லை, என்னிடம் மட்டும் சொன்னான்.

"எதுக்கு அண்ணா? அங்க மெடிக்கல் பரீட்சை இருக்கும். எல்லாத்தையும் கழட்டச் சொல்லுவாங்க."

"தெரியும் பாப்பா. எத்தன நாளைக்குத்தான் டெலிபோனுக்குப் பின்னாலயே ஒளிஞ்சிக்கிறது?"

நடந்ததை அன்று சாயங்காலம் அவனே சொன்னான். பெரிய கொட்டகை. முப்பது நாற்பது பேர் கோவணத்தோடு வரிசையாக நின்றார்கள். பேர் கூப்பிட்டதும் அண்ணன் பதில் சொன்னான். அந்தக் குரலைக் கேட்டு எல்லோரும் திரும்பினார்கள். "அரே, இந்தப் பொம்பள ஜனானாவ யாருய்யா உள்ள விட்டது?" என்று ஒருவன் கத்தினான். கொட்டகையே சிரித்தது. அண்ணன் வரிசையை விட்டு நகரவில்லை. முன்னால் நின்றவனின் முதுகிலிருந்த ஒரு மச்சத்தைப் பார்த்துக்கொண்டே நின்றானாம்.

மேஜையில் உட்கார்ந்திருந்த டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். மதராஸ் பக்கத்துத் தமிழர், கேப்டன் பதவி. "சிரிச்சவங்க எல்லாம் வெளிய போய் வெயில்ல நில்லுங்க. கூப்பிடறப்போ வந்தாப் போதும்" என்றார். அண்ணனைத் தடுப்புத் தட்டிக்குப் பின்னால் அழைத்துக்கொண்டு போனார்.

தகுதியில்லை என்று எழுதித்தான் ஆகவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பிறகு அளவு நாடாவை எடுத்து அண்ணனின் இரு கைகளையும் சிலுவைபோல விரிக்கச் சொல்லி, இந்த விரல்நுனி தொடங்கி அந்த விரல்நுனி வரை அளந்தார். உயரத்தைவிட அது நாலு அங்குலம் கூடுதலாக இருந்தது. சோதித்து முடித்தபின் கேட்டார்:

"உங்களுக்கு வாசனை தெரியுமா?"

அண்ணனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எத்தனை வைத்தியர்களைப் பார்த்திருக்கிறான்! குரலைக் கேட்டிருக்கிறார்கள், நாடியைப் பிடித்திருக்கிறார்கள், ஜாதகம்கூடக் கேட்டிருக்கிறார்கள். ஒருவரும் மூக்கைப் பற்றிக் கேட்டதில்லை.

டாக்டர் அவன் கண்ணை மூடச் சொன்னார். காபித்தூள் டப்பாவை மூக்கருகே நீட்டினார். அண்ணனுக்கு ஒன்றும் தெரியவில்லை. கிராம்பு எண்ணெய், மண்ணெண்ணெய் எதுவும் தெரியவில்லை. கடைசியாக அமோனியா என்கிற நவச்சார நீரைக் காட்டியதும் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "எரியுது சார். ஆனா வாசனைன்னு ஒண்ணும் இல்ல."

"சரிதான். எரிச்சல் வேற நரம்பு" என்று சொல்லிவிட்டு, காகிதத்தில் தன் வீட்டு விலாசத்தை எழுதினார். "பட்டாளம் உங்கள எடுக்காது. ஆனா நான் விடமாட்டேன். ஞாயித்துக்கிழமை வாங்க. வீட்ல யாரையாவது கூட்டிட்டு வாங்க."

நான் போனேன். அவர் வீட்டு முன்னறையில் மருத்துவப் புத்தகங்கள் தரையிலும் கிடந்தன. நர்ஸ் படிக்கிறேன் என்றதும் அவருக்குச் சந்தோஷம். பென்சிலை எடுத்து ஒரு தலையை வரைந்தார். மூளைக்கு அடியில் ஒரு சின்ன வட்டம் போட்டார்.

"இங்க ஒரு சுரப்பி. கொண்டக்கடலை அளவுதான். உடம்பு முழுக்க அதுக்குத்தான் கணக்குப்பிள்ளை வேல. வயசு வந்ததும் இது ரத்தத்துல ஒரு சேதி அனுப்பும். ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே சேதிதான். பொம்பளைல கருப்பை பக்கத்துல இருக்கிற முட்டைப்பைங்க அத வாங்கிக்கும். ஆம்பளைல விரைங்க வாங்கிக்கும். வாங்கினதும் அதுங்க இன்னொரு சேதிய உடம்பு முழுக்க அனுப்பும். ஹார்மோன்னு பேரு. அது தொண்டைக்குப் போனா குரல் மாறும். கன்னத்துக்குப் போனா தாடி. எலும்புக்குப் போய், போதும் நிறுத்துன்னு சொல்லும். உங்களுக்கு அந்தச் சேதி வரல. அதனாலதான் கை காலு நீண்டுக்கிட்டே போகுது."

அண்ணன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்போ நான் ஆம்பளை இல்லயா சார்?"

"யாரு சொன்னா? அம்மா வயித்துல முதல் சில வாரம் எல்லாரும் ஒரே மாதிரிதான் இருக்கோம். நானும் அப்படித்தான், உங்க தங்கச்சியும் அப்படித்தான். பார்த்தா ஆணா பெண்ணான்னு சொல்லவே முடியாது. அப்புறம்தான் வழி பிரியுது. நீங்க ஆணாப் பிரிஞ்சு வந்தாச்சு. வழியில ஒரு கடிதாசி வந்து சேரல, அவ்வளவுதான்."

"மூக்குக்கும் இதுக்கும் என்ன சார்?"

"எனக்குத் தெரியாது" என்றார் டாக்டர். "இதே மாதிரி ஒருத்தர மதராஸ்ல பார்த்திருக்கேன். அவருக்கும் வாசனை தெரியல. பழைய புத்தகத்துல ஒண்ணு ரெண்டு குறிப்பு இருக்கு. ஏன்னு யாருக்கும் தெரியாது."

தெரியாது என்பதை அவ்வளவு நேராகச் சொன்ன டாக்டரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. காரணம் எனக்குத் தெரியவர நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் இளம் டாக்டர் ஒருத்தி விளக்கினாள். வயது வந்ததற்கான சேதியைத் தொடங்கிவைக்கும் உயிரணுக்கள் மூளையில் பிறப்பதில்லையாம். கருவில் மூக்கு உருவாகிற இடத்தில் பிறந்து, வாசனை நரம்பைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து மூளைக்குள் போய்ச் சேருமாம். சிலருக்கு அந்தப் பயணம் நடப்பதில்லை. மூக்கருகிலேயே நின்றுவிடுகின்றன. அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தக் கேப்டன் ஒரு டப்பா காபித்தூளை வைத்துக்கொண்டு எவ்வளவு பக்கத்தில் போயிருக்கிறார்!

அன்றைக்கு அவர் மருந்தைப் பற்றியும் மறைக்காமல் சொன்னார். முன்பெல்லாம் காளைகளின் விரைகளை மலைபோலக் குவித்து வடித்தெடுத்தார்களாம், இப்போது ரசாயனமாகவே செய்கிறார்களாம். எண்ணெயில் கரைத்த ஊசிமருந்து. வாரத்துக்கு மூன்று ஊசி. குரல் மாறும், தாடி வளரும், பலம் வரும். நிறுத்தினால் எல்லாம் மங்கிப்போகும், ஆகையால் ஆயுள் முழுக்கப் போட வேண்டும்.

"ஒண்ணு மட்டும் இந்த ஊசியால வராது" என்றார். "குழந்தை பிறக்கும்னு என்னால சொல்ல முடியாது. பிறக்காதுன்னே வெச்சுக்குங்க. இன்னொண்ணு, நீங்க பாடுவீங்கன்னு தங்கச்சி சொன்னாங்க. இப்ப இருக்கிற குரல் போயிடும். திரும்பி வராது."

அண்ணன் ஒரு வாரம் தவணை கேட்டான்.

அவன் கோயிலில் பெண்கள் வரிசைக்குப் பின்னால் நின்று அவர்களோடு மேல் ஸ்தாயியில் பாடுகிறவன். கிறிஸ்துமஸ் ஆராதனையில் அவன் தனியாக எடுக்கும் முதல் அடிக்காகவே பிளாக்பள்ளியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். வேறெங்கும் சிரிப்புக்கு இடமான குரல், அங்கே மட்டும் மரியாதை பெற்றது. அந்த வாரம் தினமும் சாயங்காலம் கோயிலுக்குப் போய்க் காலி பெஞ்சுகளுக்கு முன்னால் பாடிவிட்டு வந்தான். சனிக்கிழமை நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தான்.

அம்மா தையல் மெஷினின் சக்கரத்தைப் பிடித்தபடி இருந்தாள். "நாப்பது நாள் உபவாசம் இருந்தவ நான்தான்" என்றாள். "ஆனா இப்படி இருக்கிற புள்ள வேணாம்னு நான் ஒருநாளும் ஆண்டவர்கிட்ட கேக்கல கண்ணு. ஊரு வாய்க்குப் பயந்துதான் கேட்டேன். உனக்கு வேணும்னா போட்டுக்க. ஊருக்காகப் போட்டுக்காத."

"எனக்குத்தான்மா வேணும்" என்றான் அண்ணன். "இந்தக் குரல் நல்ல குரல்தான். ஆனா இருவது வருஷமா இதையே கேட்டாச்சு. மத்தது எப்படி இருக்கும்னு பாக்கணும்."

முதல் ஊசியை டாக்டர் போட்டார். அதன்பின் நான் போட்டேன். எண்ணெய் மருந்து கெட்டியாக இருக்கும். ஆம்பூல் என்ற கண்ணாடிக் குப்பியைக் கொஞ்ச நேரம் வெந்நீரில் வைத்து இளக்கி, தடித்த ஊசியில் ஏற்றி, இடுப்புத் தசையில் மெதுவாகச் செலுத்த வேண்டும். படிப்பில் அதுவரை தலையணையில்தான் குத்திப் பழகியிருந்தேன். ஊசியைப் பிடித்துக்கொண்டு குத்தாமலே நிற்பேன். "பாப்பா, நீ பயந்தா எனக்கு வலிக்கும். ஏதாவது பேசிக்கிட்டே போடு" என்பான் அண்ணன். வார்டுக் கதைகளைச் சொல்லிக்கொண்டே போடுவேன்.

இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. முகத்தில் பரு வந்தது. பிறகு ஒருநாள் டெலிபோனில் பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் உடைந்து பாதாளத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. மறுமுனையில் இருந்த ஓர் அம்மாள், "யார் நீ, மிஸ் எங்கே?" என்று கேட்டாளாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போதே இன்னும் இரண்டு முறை உடைந்தது. அம்மாவுக்கும் எனக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். மற்றவர்களுக்குப் பதினாலு வயதில் உடையும் மகரக்கட்டு அவனுக்கு இருபத்துமூன்றில் உடைந்தது.

கோபமும் வந்தது, அதுவரை அவனிடம் பார்க்காத கோபம். ஒருநாள் சோற்றில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளினான். தட்டு சுவரில் மோதி விழுந்தது.  அவனே எழுந்து சோற்றைப் பொறுக்கினான். "இது என்னன்னு எனக்கே தெரியலம்மா. புதுசா வந்திருக்கு. பழக்கிடறேன்" என்றான். சொன்னபடியே பழக்கினான். பதினாலு வயதில் எந்தப் பையனும் தன் கோபத்தை அப்படி வெளியே நின்று பார்த்ததில்லை. அண்ணனுக்கு அது முடிந்தது.

ஐந்தாறு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை நாவிதர் நுரையைப் பூசினார், அண்ணன் முகவாயை விரலால் தடவிப் பார்த்தார், கத்தியை நேராகத் திருப்பிப் பிடித்தார். முதல் முறையாக நிஜமாகவே மழித்தாராம். 

அடுத்த வருஷம் டாக்டரைப் போர்முனைக்கு மாற்றிவிட்டார்கள். மருந்து கப்பலில் வர வேண்டும், கப்பலோ வருவதும் வராததும் நிச்சயமில்லை. புறப்படுவதற்கு முந்தின நாள் அவரே சைக்கிளில் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். பம்பாயில் ஒரு நண்பரிடம் எழுதிக் கேட்டு வாங்கிய ஆம்பூல்களைப் பஞ்சில் சுற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் கொண்டுவந்திருந்தார். அந்த நண்பருக்கு அண்ணனைப் பற்றி ஒரு கடிதமும் எழுதி வைத்திருந்தார். அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, அண்ணனின் தோளைத் தட்டி, "உங்கள எடுக்காம விட்டது பட்டாளத்துக்குத்தான் நஷ்டம்" என்றார். அதற்குப்பின் அவரிடமிருந்து செய்தி இல்லை. உயிரோடு திரும்பினாரா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. அம்மா சாகும்வரை ஜெபத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டாள்.

பம்பாய் நண்பர் சொல் தவறவில்லை. நடுவில் மூன்று மாதம் மருந்தே வராமல் அண்ணன் சோர்ந்து போனதும் உண்டு. அப்போதும் வேலைக்குப் போனான். போர் முடிந்தபின் தடையில்லாமல் கிடைத்தது.

அந்தச் சமயத்தில்தான் அடுகோடியிலிருந்து சம்பந்தம் வந்தது. பெண் பள்ளிக்கூடத்தில் டீச்சர், இருபத்தாறு வயது. தகப்பனார் லேத் பட்டறையில் வேலை பார்த்தார். அம்மா சந்தோஷத்தில் இனிப்புச் செய்ய ஆரம்பித்துவிட்டாள். அண்ணன், "முதல்ல நான் அந்தப் பொண்ணுகிட்ட பேசணும். இல்லன்னா வேணாம்" என்று நின்றான். அந்தக் காலத்தில் அப்படி யாரும் கேட்பதில்லை. பெண்ணின் தகப்பனார் யோசித்து, முன்னறையில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் கூட இருக்கும்படி சம்மதித்தார்.

அண்ணன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். சுற்றி வளைக்கவில்லை.

"எனக்கு உடம்புல ஒரு குறை இருக்குங்க. வயசுக்கு வர்ற சுரப்பி எனக்குத் தானா வேல செய்யல. ஊசிலதான் இந்தக் குரலே வந்துச்சு. வாரத்துக்கு மூணு ஊசி, கடைசி வரைக்கும் போடணும். குழந்தை பிறக்காது. இத கல்யாணத்துக்கு அப்புறம் நீங்க தெரிஞ்சுக்கறது நியாயமில்ல. வேணாம்னு சொன்னா ஜாதகம்... இல்ல, எங்க ஆளுங்க ஜாதகம் பாக்கறதில்ல, வேற ஏதாவது காரணம் நானே சொல்லிக்கறேன். உங்க பேர்ல ஒரு சொல் வராது."

அவள் தலை குனிந்திருந்தாள்.  பட்டறைகளிலிருந்து இரும்பு ராவும் சத்தம் வந்துகொண்டிருந்தது. பிறகு நிமிர்ந்து கேட்டாள்:

"ஊசி இப்ப யாரு போடறாங்க?"

"இவங்கதான். என் தங்கச்சி."

அவள் என் பக்கம் திரும்பினாள். "ரொம்பக் கஷ்டமாங்க? எனக்குக் கத்துக் குடுப்பீங்களா?"

அண்ணன் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.  நான் சரியென்று தலையை ஆட்டினேன்.

அண்ணிக்கு ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழக்கினேன். இரண்டு வாரத்தில் என்னைவிட நன்றாகப் போட்டாள். அவள் பக்கத்து உறவுக்காரிகள் வருஷாவருஷம் வயிற்றைப் பார்த்து விசாரிப்பார்கள். "எங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச விஷயம்தான் அத்தை" என்று சொல்லிவிட்டு அண்ணி வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். அவனைக் காட்டிக்கொடுத்ததும் இல்லை, பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு பொய் சொன்னதும் இல்லை.

கல்யாணமாகி மூன்றாம் வருஷம், கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு அனாதை இல்லத்திலிருந்து இரண்டு வயதுப் பெண்குழந்தை ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அழைத்துவர நானும் போயிருந்தேன். வாசலில் ஜட்கா காத்திருந்தது. குழந்தை குதிரையைப் பார்த்ததும் அலறிவிட்டது. அண்ணன் ஜட்காவைத் திருப்பி அனுப்பிவிட்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தான். மர்பி டவுனுக்கு இரண்டு மைலுக்கு மேல் இருக்கும். அண்ணியும் நானும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனோம். வழியெல்லாம் தெரிந்தவர்கள். கடை வாசலிலும் குழாயடியிலும் நிறுத்தி, யார் குழந்தை என்று கேட்டார்கள்.

"என் பொண்ணு" என்று அண்ணன் எல்லோருக்கும் நின்று பதில் சொன்னான். வீடு வந்து சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று.